ஊது மாஸ்டரின் கல்லீரல்

ஆம்பூர் வட்டாரத்தில் குடிகாரர்கள் போலீஸைவிட அதிகமாகப் பயந்தது ஊது மாஸ்டருக்குத்தான். நான் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஷூ கம்பெனியில் அவர் கட்டிங் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ்ஸில் படிக்கட்டை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்துகொள்வார். ஏறுகிற ஒவ்வொரு ஆம்பிளையிடமும் மூக்கை நீட்டி, "ஊது" என்பார். ஊதினால்தான் உள்ளே வழி. ஒருமுறை ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஆசைப்பட்டு பஸ்ஸில் ஏற, அவரையும் விடவில்லை. அது இந்த ஊர் வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்த அந்த மனிதர், பயபக்தியோடு ஊதிவிட்டுக் கும்பிட்டார்.

மாஸ்டர் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துச் சந்தேகப்படுகிறவர். ஆனால் டீ என்றால் பாதி டம்ளர் சர்க்கரை. பரோட்டா சால்னாவில் மிதக்க வேண்டும். மத்தியானம் ஒரு பிரியாணி. அது செரிக்க இன்னொரு பிரியாணி.

போன வருஷம் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் நடந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார்: "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு சார். ஃபேட்டி லிவர்."

கம்பெனியே ஸ்தம்பித்தது. ஊது மாஸ்டருக்கு ஈரல் கோளாறா! கேன்டீனில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வீட்டில் அவர் மனைவி அழுதுகொண்டே கேட்டாராம்: "உண்மையச் சொல்லுங்க, எத்தினி வருஷமா குடிக்கிறீங்க?"

மறுநாள் பஸ்ஸில் எல்லாம் தலைகீழ். ஏறுகிறவர்கள் முகத்தில் அவரே ஊதினார்.

"இன்னா வாசனை வருது? சொல்லு!"

"வெங்காயம், மாஸ்டர்."

மெஷின்தான் தப்பு என்று வேலூரில் வேறொரு டாக்டரிடம் போனார். சாட்சிக்கு என்னையும் இழுத்துப் போனார்.

"டாக்டர், நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. இந்தம்மாவைக் கேளுங்க."

"குடிக்காதவங்களுக்கும் வரும் சார். சர்க்கரை, எண்ணெய், தொப்பை போதும்."

மாஸ்டர் பாய்ந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கேட்டியாம்மா? குடிக்காதவங்களுக்கும் வருமாம்!"

"முதல்ல உக்காருங்க. ஈரலைவிட உங்க ஹார்ட்டை நெனச்சாத்தான் எனக்குக் கவலை. இப்படிக் கொழுப்பு சேர்ந்தவங்களுக்கு இதயத்துல அடைப்பு வர்ற ஆபத்து ஜாஸ்தி. ரிப்போர்ட்ல உங்களுக்கு சுகர் வேற இருக்கு. இன்னைக்கே டெஸ்ட் எடுத்துடலாம்."

"ஈரலைக் காட்ட வந்தா ஹார்ட்டைக் கேக்கறீங்களே!" என்று எழுந்துவிட்டார். நானும் சொல்லிப் பார்த்தேன். மானம் திரும்பிய சந்தோஷத்தில் அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பாகில் ஊறிய மக்கன் பேடா வாங்கி பஸ் முழுக்கக் கொடுத்தார். மிச்சத்தை அவரே தின்று தீர்த்தார்.

சில வாரம் கழித்து, மாதனூர் ஸ்டாப்பில் ஏறிய ஒருத்தனிடம் "ஊ..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. இடது கை மடியில் துவண்டு கிடந்தது.

"வயித்துல கேஸ்தான்... பேஜார் பண்ணாதீங்க" என்றார்.

டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். தினமும் அவரிடம் ஊதிவிட்டு ஏறியவர்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். அத்தனை பெரிய குரல்காரர் போர்வைக்குள் குழந்தைபோலச் சுருண்டு கிடந்தார்.

"ஈரலும் ஹார்ட்டும் தோஸ்துன்னு எனக்கு யாருமே சொல்லலியேம்மா."

"டாக்டர் சொன்னாரே, மாஸ்டர்."

"சொன்னாரா?" நிஜமாகவே அதிர்ந்துபோனார்.

இப்போது சர்க்கரை இல்லாத டீ. பிரியாணி வாசனை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காலையில் தன் ஸ்டாப்பில் ஏறாமல், அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்து ஏறுகிறார். சில நாள் வந்து சேர நேரமாகிவிடும். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். வேலைக்கு லேட்டாகிறதே என்று இதுவரை ஒருத்தர்கூட முணுமுணுத்ததில்லை. அவர் தலை தெரிகிறவரைக்கும் எல்லோரும் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்போம்.