பிச்சமுத்துக் குளிர்

மூடிகள் பளபளவென்று இருந்தன. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. எண்களை மட்டும் காணோம்.

பிச்சமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். சாமி படங்களுக்கு முன்னால் விரித்த வாழையிலையில், அண்ணனின் ஸ்பேனர், திருப்புளி, சுத்தியலுக்குப் பக்கத்தில், அவனுடைய இருபத்து நான்கு கண்ணாடிக் குப்பிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல இரண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"எப்படி இருக்கு தம்பி?" என்றாள் அண்ணி பானுமதி, கையில் ஊதுபத்தியோடு. "மூடியெல்லாம் கறுப்பா ஏதோ கிறுக்கியிருந்துச்சு. சோப்புக்குப் போகல. உங்கண்ணன் சைக்கிளுக்கு பெயின்ட் அடிக்க வாங்கின தின்னர் மிச்சம் இருந்துச்சு. தொட்டுத் துடைச்சேன், மாயமாப் போச்சு."

"எல்லாத்துலயுமா அண்ணி?"

"ஒண்ணு விடல!"

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஆயுத பூஜைக்குத் துடைபடாமல் தப்பித்த பொருள் என்று எதுவும் கிடையாது. அண்ணன் அழகிரி பணிமனையில் ஃபிட்டர். தம்பியின் தொழிலுக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்று அண்ணி நினைத்ததில் என்ன தப்பு? தப்பெல்லாம் பிச்சமுத்துவின் வாயில்தான் இருந்தது.

போன வாரம் அண்ணி கேட்டாள். "எதுக்கு தம்பி மண்ணைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?"

"மண்ணில்ல அண்ணி. நடுக்கடல்ல, மூணு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழ குழாயை இறக்கி எடுத்த வண்டல். இதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி ஓடுங்க இருக்கு, சங்கு மாதிரி. அதுல ஒரு வகை, கடல் சூடா இருந்த காலத்துல வலப்பக்கமா சுருளும், குளிர்ந்த காலத்துல இடப்பக்கமா சுருளும்."

"வலப்பக்கமா சுருண்டா வலம்புரில்ல?"

"ஒரு வகையில வலம்புரிதான்."

"இத்தனை குப்பியிலயுமா!" என்று அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதே அவன் பதறியிருக்க வேண்டும். அவனோ, நாம் எவ்வளவு எளிமையாக அறிவியல் சொல்கிறோம் என்று பூரித்துப் போனான்.

பகலில் அவனுக்கு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை. பார்சல்களுக்கு எண் போடுவது. மாலையில் நிலவியல் வகுப்பு. அந்த வகுப்பில் ஒரே ஒருவரை ஜனவரியில் கிளம்பும் ஆராய்ச்சிக் கப்பலில் அழைத்துப் போவதாகப் பேராசிரியர் ஆனந்தவள்ளி சொல்லியிருந்தார். பிச்சமுத்து இதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவன் பார்த்த பெரிய தண்ணீர், வெள்ளம் வந்த கொள்ளிடம்தான்.

"இருபத்து நாலு சாம்பிள். ஒவ்வொண்ணுலயும் வலம் எத்தனை, இடம் எத்தனைன்னு எண்ணி, கோடு போட்டுக் கொண்டா. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார் அவர்.

முதல் குப்பி என்பது குழாயின் மேல் மண், அதாவது கிட்டத்தட்ட நேற்றைய கடல். இருபத்து நான்காவது, அடி மண். அது பனியுகத்துக் கடல். வரிசை தெரிந்தால் அது வரலாறு. தெரியாவிட்டால் வெறும் மண்.

பேராசிரியர் கொடுத்தபோது சாம்பிள்கள் பிளாஸ்டிக் பைகளில், ஒவ்வொன்றிலும் அச்சடித்த சீட்டோடுதான் இருந்தன. பிச்சமுத்துவுக்கு அது ஒழுங்காகப் படவில்லை. ஒரே அளவுள்ள ஹோமியோபதிக் குப்பிகள் வாங்கி, மாற்றி, மூடியில் மார்க்கரால் எண் போட்டு, பைகளைக் குப்பை வண்டியில் போட்டான். பிறகு குப்பிகளை ஒரு ஸ்வீட் பெட்டியில் ஒன்றிலிருந்து வரிசையாக அடுக்கி வைத்தான். மார்க்கர் தண்ணீரில் அழியாது என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை. தண்ணீரில் அழியவே இல்லை.

"தம்பி, முகம் ஏன் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

அண்ணிக்கு விஷயம் தெரிந்தால் அழுவாள். அவள் அழுதால் அண்ணன் தின்னரை வாங்கி வைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட மாட்டான்.

"சேச்சே! சூப்பரா இருக்கு அண்ணி."

"இன்னொண்ணு சொல்லணும் தம்பி, நான் துடைக்கறப்போ…"

"ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி. விடுங்க" என்று பெருந்தன்மையோடு கையெடுத்துக் கும்பிட்டான். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது என்பதால், அன்று முழுக்க எதிரில் உட்கார்ந்து பொரி தின்றபடி குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் பொரி கொடுக்க அண்ணி வெளியே போனாள். அவ்வளவுதான், பிச்சமுத்து இருபத்து நான்கு குப்பிகளையும் ஒரு மஞ்சள் பையில் வாரிப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினான்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் பை கலகலவென்று சிரித்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"ஹோமியோபதியா தம்பி? மூட்டு வலிக்கு இதுல எது?"

"மருந்து இல்லைங்க. கடல் மண்ணு."

"ஓகோ. உள்ளுக்கா, மேலுக்கா?"

சத்திரத்தில் இறங்கும்வரை பெரியவர் தன் வலது முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

கல்லூரி ஆய்வகத்தின் சாவி இர்பானாவிடம் இருந்தது. மாலை வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்கு. இரண்டாவது யார் என்பதில் பிச்சமுத்துவுக்கே சந்தேகம் உண்டு.

"என்ன பிச்சமுத்து, குப்பிக்கெல்லாம் பொட்டு வச்சுக் கூட்டிட்டு வந்திருக்க?"

சொன்னான். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

"மேடத்துக்கு ஒரு போன் போடு. விஷயம் முடிஞ்சுது."

"கப்பலும் முடிஞ்சுதுன்னு சொல்லு. உனக்கென்ன, நீ ராமேஸ்வரம் பாத்துட்ட. எனக்கு ஒரு யோசனை இருக்கு. முதல்ல எண்ணிடறேன். வலம்புரி அதிகமா இருக்குறது மேல் மண்ணு, இடம்புரி அதிகமா இருக்குறது அடி மண்ணு. அப்படியே அடுக்கிட்டா வரிசை வந்துரும்."

"விடையை எழுதி வச்சுட்டு, அதுக்கேத்த மாதிரி கேள்வி தயார் பண்ற. நல்லா வருவ."

மூன்று நாள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, ஈரத் தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து எண்ணினான். லென்சுக்கடியில் அவை பொரி உருண்டையிலிருந்து உதிர்ந்த பொரிபோல இருந்தன. நடுவில் ஒருமுறை துள்ளிக் குதித்தான்.

"இர்பானா! சிவப்பா ஒரு துகள்! எரிமலைச் சாம்பல்னு நினைக்கிறேன்."

அவள் குனிந்து பார்த்தாள்.

"குங்குமம்."

ஒருவழியாக எண்ணி, அடுக்கி, அதே மூடிகளில் அதே மார்க்கரால் புது எண் போட்டு, கோட்டை வரைந்தான். வழுக்குமரம் மாதிரி நேராக இறங்கியது. பார்க்க அழகாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. இவ்வளவு ஒழுங்காக ஒரு கடல் இருக்குமா? அவன் வீட்டுக் குழாயில்கூட தண்ணீர் இத்தனை சீராக வந்ததில்லை. மேடம் பார்த்த உடனே பிடித்துவிடுவார்.

கொஞ்சம் இயற்கையாக இருக்கட்டும் என்று மூடிகளை மாற்றிப் போட்டு, ஒன்பதாம் குப்பியைப் பதினேழின் இடத்திலும், பதினேழை ஒன்பதின் இடத்திலும் வைத்தான். இப்போது கோட்டில் இரண்டு விக்கல் வந்தது. நிம்மதியாகப் போய் டீ குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்த பேராசிரியர் வீட்டுக்கு மஞ்சள் பையோடு போனான். ஆனந்தவள்ளி கோட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒன்பதாவது குப்பியை கவனிச்சியா?"

"கவனிச்சேன் மேடம்." அது பொய்யில்லை.

"கடல் மெல்ல மெல்ல சூடாயிட்டே வருது. நடுவுல ஒரு தடவை சட்டுனு சூடு, அப்புறம் திடீர்னு ஒரு குளிர்! இந்தப் பகுதியில இப்படி ஒண்ணை யாருமே சொன்னதில்ல."

"வேற ஏதாவது கோளாறா இருக்கும் மேடம்."

"இந்தத் தன்னடக்கம்தான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. இதுக்குப் பேர் வைக்கணுமே. கண்டுபிடிச்சவன் பேரையே வைப்போம். பிச்சமுத்துக் குளிர்!"

அவனுக்கு முதுகுத்தண்டில் அந்தக் குளிர் இறங்கியது. எதிர்காலத்தில் ஏதோ ஒரு தேர்வு அறையில், பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு விழிப்பதைக் கண்டான்: பிச்சமுத்துக் குளிர், சிறுகுறிப்பு வரைக.

"சென்னையில ஒருத்தர் இருக்கார், இந்த விஷயத்துல பெரிய ஆளு. இப்பவே சொல்லிடறேன். கப்பல்ல உனக்கு இடம் கேக்கவும் சவுகரியமா இருக்கும்." அவர் போனை எடுத்து எண்ணைத் தேடினார். "இந்தக் குளிர் எப்போ வந்திருக்கும்னு நினைக்கிற? பன்னிரண்டாயிரம் வருஷம் இருக்குமா?"

கப்பல் கண்ணெதிரே கரையில் வந்து நின்றது. ஏணிகூட இறக்கியாகிவிட்டது. பிச்சமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

"நேத்து சாயங்காலம் மேடம். டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. பேராசிரியர் ஒரு குப்பியை எடுத்து மூடியைச் சாய்த்துப் பார்த்தார்.

"பழைய எழுத்தோட தடம் இருந்திருக்கும். அதுமேலயே மறுபடி எழுதினியா?"

"ஒரே இடத்துல இருந்தா ஒழுங்கா இருக்கும்னு…"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அண்ணி மனசு கஷ்டப்படும்னுதான் மேடம்."

"இப்போ என் மனசு?"

பிச்சமுத்து மஞ்சள் பையின் காதை முறுக்கினான்.

"சரி, அவங்ககிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டியா?"

"எப்படி மேடம் கேக்குறது? ஆசையா துடைச்சு வச்சிருக்காங்க."

பேராசிரியர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டி, பொன்மலைப் பக்கம் திரும்பியது. பிச்சமுத்துவின் மடியில் மஞ்சள் பை கலகலவென்று சிரித்துக்கொண்டே வந்தது.

அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. "மேடமே வீட்டுக்கு வந்துட்டாங்க! உக்காருங்க, உக்காருங்க." பூஜையில் மிஞ்சிய பொரியும் கடலையும் தட்டில் வந்தன. அண்ணன் பனியன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றான்.

"நீங்க துடைச்சதுல தப்பே இல்லம்மா" என்று பேராசிரியர் மெதுவாகத் தொடங்கினார். "அதுல இருந்த நம்பர்தான் அந்த மண்ணோட வரிசை. அது தெரிஞ்சா இவன் கப்பல் ஏறுவான். தெரியலைன்னா, மண்ணைக் குடுத்தவங்களுக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதணும். அதான், துடைக்கறப்போ ஏதாவது நம்பர் கண்ணுல பட்டுச்சான்னு கேக்க வந்தேன்."

பிச்சமுத்து தரையைப் பார்த்தான். அண்ணி இப்போது அழுவாள், அடுத்து அண்ணன் தின்னரைத் தேடுவான் என்று காத்திருந்தான்.

அண்ணி அழவில்லை. பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்பரை நான் எங்கங்க பாத்தேன்? ஆனா ஒண்ணை எடுத்துத் துடைச்சு, பொட்டு வச்சு, இலையில வச்சப்புறம்தான் பெட்டியிலருந்து அடுத்ததையே தொட்டேன், தம்பி அடுக்கியிருந்த வரிசை ஒண்ணுகூட மாறல. அதைத்தான் அன்னியிலருந்து சொல்ல வரேன், வாயைத் திறக்க விடாம கும்பிட்டு கும்பிட்டு, கடைசியில எல்லாத்தையும் மஞ்சப்பையில கொட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டாருங்க!"