கிழிசல் சட்டை சோதனை

"கையில எவ்ளோங்கய்யா இருக்கு?" என்று கேட்டார் நிதி ஆலோசகர் கதிரவன்.

கிருஷ்ணப்பன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பணிக்கொடையும் சேமநல நிதியுமாக முப்பது லட்சம் பேங்கில் கிடந்தது. இதற்கு முன் பார்த்த இரண்டு ஆலோசகர்களும் தொகையைக் கேட்டதுமே இளநீர் வெட்டி வரச் சொன்னார்கள். அந்த உபசாரத்தில்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. காசில்லாதவனிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்தல்லவா ஆளைப் பிடிக்க வேண்டும்? வீட்டில்கூடச் சொல்லாமல், தோட்டத்து வேலைக்குப் போடும் கிழிசல் சட்டையோடு பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு பஸ் ஏறிவிட்டார்.

"ஆயிரத்து எரநூறுங்க."

கதிரவன் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். "இத எங்கயும் போடாதீங்க. ஆத்திர அவசரத்துக்கு ஆவும். முதியோர் உதவித்தொகைக்கு நானே எழுதித் தர்றேன். புள்ளைங்க பாத்துக்கறாங்களா?"

பேச்சு முடிந்தால் போதுமென்று, "புள்ளைங்களே இல்லீங்க" என்றார். ஓசூரில் ஒருவன், பெங்களூரில் ஒருவன் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள்.

ரிசப்ஷனில் இருந்த சோபனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தாள். "சாப்பிடுங்கய்யா."

இந்தப் பெண் மத்தியானம் பட்டினி கிடப்பாளே என்று நெஞ்சு உறுத்த உறுத்த, புளிச்சோற்றை விழுங்கினார்.

அப்போது பார்த்தா இடுப்பிலிருந்த பதினெட்டாயிரம் ரூபாய் செல்போன் பாட வேண்டும்?

"என்னுது இல்லீங்க!" வாய் முந்திக்கொண்டது. "வழியில கெடந்துச்சு."

"தங்கமான மனுசருங்க நீங்க! குடுங்க, போலீஸ் ஸ்டேஷன்ல நானே ஒப்படைச்சிடறேன்" என்றார் கதிரவன்.

கிருஷ்ணப்பன் தன் போனைத் தானே எடுத்து நீட்டினார். காது மடல் சுட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினால், சோபனா காலி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கதிரவன் பைக்கிலேயே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், ஜன்னலோர சீட் பிடித்து உட்காரவைத்து, கையில் நூறு ரூபாயும் திணித்தார். கிருஷ்ணப்பன் அந்தக் கையை விரிக்கவே இல்லை. நல்ல ஆள் கிடைத்தாயிற்று. இனி எந்த மூஞ்சியோடு அந்த ஆபீஸ் படியேறுவது?

பஸ் நகர்ந்ததும் டிக்கெட் போட வந்தான் கலைவாணன், அவரிடம் வேலை பழகியவன். துண்டால் முகத்தை மூடியும் பயனில்லை. மேலும் கீழும் பார்த்தான்.

"என்னங்கண்ணே இது, போன வாரம் அண்ணியையும் உங்ககூட வந்த அதே ஆளுதான் கிழிஞ்ச சேலையோட இந்த பஸ்ஸுல ஏத்திவுட்டாரு!"