உப்பிலிக்கு வந்த பயம்

சேலம் ஜில்லாவில் பேய்க்குப் பயந்தவர்கள் உண்டு, போலீசுக்குப் பயந்தவர்கள் உண்டு. தன் சொந்த ரத்தத்துக்கே பயந்து வாழ்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் சூரமங்கலம் ரயில்வே பார்சல் ஆபீசில் அவர் என் பக்கத்து மேஜை. உப்பைத் தொடமாட்டார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் உப்பிலி.

ரயில்வே டாக்டர் ஒருநாள் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபோது பாதரசம் ஏகத்துக்கு ஏறிவிட்டது. "ரத்தக்கொதிப்பு. வலி தெரியாது. கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும், இருதயமும் கெடும்" என்றார் டாக்டர். அன்றோடு உப்பு, ஊறுகாய், கோபம் மூன்றையும் உப்பிலி விட்டார்.

மாம்பழக் கூடை காணோம் என்று ஒரு வியாபாரி வந்து கத்தினார். உப்பிலி காதைப் பொத்திக்கொண்டு, "மெதுவாப் பேசுங்க சாமி, என்ற ரத்தக்கொழாய் தாங்காதுங்க" என்றார். வியாபாரி பயந்துபோய் மீதி வசவைக் கிசுகிசுவென்று முடித்துவிட்டுப் போனார்.

எங்கள் ஹெட்கிளார்க்குக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் முகம் எப்போதும் சிவந்திருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும்.

"ஏனுங்க, ஒருக்கா டாக்டருகிட்டக் கையக் காட்டுங்க" என்று உப்பிலி தினமும் கெஞ்சுவார்.

"எனக்கென்னய்யா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் அவர்.

ஒரு காலையில் அந்தக் கல்லின் கையிலிருந்து பேனா நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. ஒருவர் சோடாவை உடைத்தார்.

"வாயில எதையும் ஊத்தாதீங்க, பொறையேறிப் போகும். இதோ வாரேன்" என்றார் உப்பிலி. வேகமாக நடக்கவே அஞ்சும் மனிதர் தண்டவாளங்களைத் தாண்டி ஓடினார். போகிற வழியில் இவரும் விழுந்துவிடுவாரோ என்று நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். டாக்டரோடுதான் திரும்பினார்.

ஹெட்கிளார்க் பிழைத்தார். வலது கை மட்டும் பிழைக்கவில்லை.

மறுநாள் உப்பிலி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் மூன்று முறை காற்றடித்துப் பார்த்தார். கடைசியில், "உங்களுக்கும் இருக்கிறது" என்றார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேங்க" என்றேன் வெளியே வந்து.

"தெரியாதுங்க. அதுக்குத்தான் நானும் பயப்படறேன்" என்றார் உப்பிலி.

அவரே என் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று நான் வாசலில் தயங்கி நின்றேன். எனக்காக அவரே சொன்னார். அவருக்கும் பயம்தான். ஆனாலும் சொல்லி முடிக்கிற வரையில் பிடித்திருந்த என் கையை விடவில்லை.