பஞ்சுக்காட்டுப் பெரிய விவாதம்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்து நின்று கத்துவதற்கு அது நல்ல வசதி. தென்கரைக் கரடிகள் பஞ்சு விளைவித்தன. அதாவது, கயிற்றில் கட்டிய கழுதைகள் விளைவித்தன; கரடிகள் நிழலில் உட்கார்ந்து களைத்துப்போயின. வடகரைக் குரங்குகள் அந்தப் பஞ்சை வாங்கித் துணி நெய்தன. "கழுதையைக் கட்டுவது பாவம்!" என்று சொல்லி, அதே பஞ்சுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டன.

காட்டுச் சபையில் தலைக்கு ஒரு ஓட்டு. கரடிகள் குறைவு. அதனால் இரண்டு கழுதையை ஒரு தலையாகக் கரடிகளின் கணக்கில் சேர்த்தார்கள்.

"அப்ப நாங்களும் ஓட்டுப் போடலாமா?" என்று கேட்டாள் சீரங்கம் என்ற கழுதை.

"உனக்கெதுக்கும்மா வரிசையில நிக்கிற கஷ்டம்? உனக்கும் சேர்த்து நானே போட்டுடறேன்," என்றார் கரடித் தலைவர் வீரபாகு.

இப்படியே போயிருக்கும். ஆனால் மேற்கே புதுத் தோப்பு ஒன்று திருத்தினார்கள். அங்கே கழுதைக்குக் கயிறு உண்டா, இல்லையா என்று சபையில் ஒரே கூச்சல். கூச்சல் அடங்குவதற்குள், "எதுக்கும் இருக்கட்டும்," என்று சீரங்கத்தின் குட்டி மொட்டுவை அங்கே ஓட்டிப்போக வீரபாகு ஏற்பாடு செய்துவிட்டார்.

சீரங்கம் கயிற்றைக் கடித்தாள். குட்டியோடு ஆற்றில் இறங்கினாள். ஆற்றில் முதலை வேறு; திரும்பிப் பார்க்காமல் நீந்தினாள்.

வடகரையில் குரங்குத் தலைவர் கோமதிநாயகம் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து செல்பி எடுத்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "தாயி, தப்பி வந்தவங்களைத் திருப்பி அனுப்பறதா கரடிங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். சமாதானத்துக்காக. டோக்கன் வாங்கிட்டு ஓரமா நில்லு."

"எம்புள்ள?"

"புள்ளைக்குத் தனி டோக்கன்."

அதற்குள் அக்கரையிலிருந்து வீரபாகு கத்தினார்: "கழுதையைக் கொடு! இல்லேன்னா நாங்க தனிக்காடு!"

"காடு ஒண்ணுதான்!" என்று கோமதிநாயகம் கத்தினார்.

பலாப்பழம் பறந்தது. தேங்காய் பறந்தது. மண்டைகள் உடைந்தன.

"எங்களுக்காகவா சண்டை?" என்றாள் சீரங்கம்.

"இல்லை, கரையோட உரிமைக்கு," என்றது அக்கரை. "காட்டோட ஒற்றுமைக்கு," என்றது இக்கரை. "பெரிய விஷயம் நடக்குது, குறுக்கே பேசாதே!" என்று மட்டும் இரண்டு கரையும் சேர்ந்து சொன்னது.

குரங்குகள் தோற்கத் தொடங்கின. கோமதிநாயகம் வீங்கிய மண்டையோடு வந்தார். "தாயி, தேங்காய் சுமக்க ஆளில்லை."

"எல்லாக் கயிறும் அவிழணும். எம்புள்ளையை இனி யாரும் கேட்கக் கூடாது. மர உச்சியில ஏறி நின்னு அதைக் கத்துங்க. அப்புறம் சுமக்கறேன்."

கத்தினார். தென்கரைக் கழுதைகளுக்கு நீளக் காது. கேட்ட மாத்திரத்தில் கயிற்றைக் கடித்துவிட்டுக் கிளம்பின. தேங்காயைத் தாமே தூக்கிப் பழகாத கரடிகள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டன. போர் முடிந்தது.

கழுதைகளுக்கு விடுதலை கொடுத்தது யார் என்று தீர்மானிக்கச் சபை கூடியது. குரங்குகள் ஒன்றுக்கொன்று மாலை போட்டுக்கொண்டன. "எனக்கும் அந்த யோசனை ரொம்ப நாளா இருந்துது," என்றார் வீரபாகு. அவருக்கும் ஒரு மாலை. வாசலில் ஒரு குரங்கு சீரங்கத்தை மறித்தது: "உள்ளே இடமில்லை. உங்களைப் பத்தித்தான் பேசறாங்க."

"பேசட்டும்," என்றாள் சீரங்கம். கழுத்தில் ஒன்றுமில்லாமல் மொட்டு முன்னால் துள்ளி ஓடினான். "மெதுவா போடா, விழுந்துடப்போறே!" என்று அவளும் பின்னால் ஓடினாள்.

நீதி: ஒருவரைக் கட்டிப்போடலாமா கூடாதா என்று விவாதிப்பதானால், முதலில் அவரை வெளியே நிறுத்துங்கள். உள்ளே விட்டால் கூட்டம் உடனே முடிந்து, டீயும் வடையும் வீணாகிவிடும்.