கூடத்தில் மாட்டிய நரம்பு

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காளும் என் வலது காலும் நலம். அங்கே நீயும் தங்கையும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காலைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது.

அலுவலகத்தில் மேலாளருக்கு எதிரே ஆயுசு முழுக்க முழங்கால் இரண்டையும் ஒட்டிவைத்து உட்கார்ந்தவன் நான். ஓய்வு பெற்ற மறுநாளே, இனி எவன் வந்தாலும் கால் மேல் கால்தான் என்று சபதம் எடுத்தேன். இடது முழங்கால் மேல் வலது காலைப் போட்டுப் பேப்பர் படித்தேன், காப்பி குடித்தேன், அப்படியே தூங்கியும் போனேன். ஒரு நாள் எழுந்தால் பாதம் தூக்கவில்லை! தரையில் சப்பு சப்பென்று அடிக்கிறது. செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "என்ன நடை இது, ராஜா வேஷமா?" என்றாள் உன் அக்கா. "பக்கவாதம்டி" என்று சோபாவில் சாய்ந்தேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே நிஜமாகப் பயம் பிடித்தது.

நரம்பு டாக்டருக்கு நம் பெரியவள் வயசுதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். பாதம் வரை சுள்ளென்றது. "எப்படி உட்காருவீங்க?" உட்கார்ந்து காட்டினேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டது. "பக்கவாதமெல்லாம் இல்ல, கால் மேல கால் போட்டு நரம்பு அமுங்கியிருக்கு" என்றது. நான் நம்பாமல் முழிப்பதைக் கண்டு, பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப்பைப் பார்க்கச் சொன்னது.

மைத்துனா, என்னத்தைச் சொல்ல! நரம்பு என்றால் ஏதோ ஒற்றை நூல் என்றல்லவா நினைத்திருந்தோம்? வெள்ளைத் தாளில் கறுப்பு வளையல்களைக் கொட்டினது மாதிரி நூற்றுக்கணக்கில் வளையங்கள்! "ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் ஒரு இழை ஓடுது. அதைச் சுத்தி ஒரு செல், பாயைச் சுருட்டுற மாதிரி சுருண்டு சுருண்டு போர்த்தியிருக்கு. அந்தப் போர்வை நடுநடுவே விட்டிருக்கும். சேதி அந்த இடைவெளிகள்ல தாவித் தாவிப் போகும், அதான் அவ்வளவு வேகம்" என்றாள். இழைகளைக் கட்டாகக் கட்டி ஓர் உறையாம். கட்டுகளையெல்லாம் சேர்த்து இன்னோர் உறையாம்.

"அப்ப எனக்கு அறுந்துபோச்சாம்மா?"

"இழைக்கு ஒண்ணும் ஆகல. போர்வைதான் நசுங்கியிருக்கு. காலை இறக்கி வைங்க, மறுபடி சுத்திக்கும்."

அந்தக் காட்சியைப் போனில் பிடித்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் "இது என் நரம்பு" என்று விளக்கம் வேறு. மாடிவீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "நல்ல அடர்த்தி சார்" என்றார்.

போன வாரம் கட்டிலில் காலை நீட்டியிருந்தேன். பெருவிரல் மெல்லத் தலையைத் தூக்கியது. "ஏய், இங்க வா! தூக்குது!" உன் அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். "எங்க, இன்னொரு தடவை!" தூக்கினேன். பெற்ற பிள்ளைகள் முதல் அடி வைத்தபோதுகூட அவள் அப்படிக் கை தட்டியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் தீய்ந்ததற்கு என்னையே திட்டினாள். நேற்று இருவரும் கடைத்தெரு வரை நடந்து போய் வந்தோம்.

படத்தின் பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது. உன் கூடத்திலும் மாட்டிக்கொள். தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் இரண்டு பாதமும் தரையில் ஊன்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நடமாடும் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். "என் நரம்பை எப்பம்மா எடுத்தீங்க, வலிக்கவே இல்லையே" என்று கேட்டேன். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தது. அது மாணவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் எலி நரம்பாம். உன் பிரதியை வெளியே எடுத்துவிட்டேன். கூடத்துப் படத்தையும் கழற்றப் போனேன். "இருக்கட்டும், கழட்டாதீங்க," என்கிறாள் உன் அக்கா. "உங்க ஜாடை இருக்கு."