பந்து நல்ல நிலையில் உள்ளது

பந்து என்பது உதைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் என்று பம்பரம் மனதார நம்பியிருந்தாள். அவளுக்கு வயது பதிமூன்று. விவரம் தெரியாத வயது.

பம்பரம் என்பது பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயர் அல்ல. ஒரு இடத்தில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் எட்டாம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து வைத்த பெயர். வகுப்பறையிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை அவள் நடந்து போனதை யாரும் பார்த்ததில்லை. காலி பாட்டிலை உதைத்துக்கொண்டே ஓடுவாள். அந்த நடுநிலைப் பள்ளியில் நிஜப் பந்து இல்லாமல் இல்லை. தலைமை ஆசிரியையின் அறையில், கண்ணாடி அலமாரிக்குள், ஒரு குட்டித் தலையணைமேல் மூன்று வருடமாக அது கொலுவீற்றிருந்தது. வாரம் ஒருமுறை அதைத் துடைப்பார்கள். வருடம் ஒருமுறை சரிபார்த்து, "பந்து - ஒன்று - நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் உதைக்காத பந்து வேறு எந்த நிலையில் இருக்கும்?

எட்டாம் வகுப்பு முடிந்தால் பம்பரம் வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரே ஒரு தடவை அடுத்த தெருப் பள்ளியோடு மேட்ச் ஆட வேண்டும், அந்தப் பந்தில் ஒரு உதையாவது விட வேண்டும் என்பது அவள் ஆசை. அது பேராசை என்று சொல்ல ஆளில்லை.

நேராக விளையாட்டு ஆசிரியரிடம் போனாள். அவர் வருகைப் பதிவேட்டுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் வேலை.

"சார், அடுத்த தெரு ஸ்கூலோட ஒரு ஃபுட்பால் மேட்ச் வைக்கலாமா?"

பதினொரு வருடத்தில் விளையாட்டைப் பற்றி அவரிடம் யாரும் பேசியதே இல்லை. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வைக்கலாம்மா. ஆனா முறைப்படி வைக்கணும். வா, மேடத்தைப் பார்ப்போம்."

தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. ஒலிபெருக்கி என்றால் அவருக்கு உயிர். காலை ஒன்பது மணிக்கு அறிவிப்புகளைத் தொடங்குவார். அமைதி காக்க வேண்டியதன் அவசியம் பற்றி இருபது நிமிடம் சத்தமாக அறிவிப்பார். பிறகு நேற்றைய அறிவிப்பில் இருந்த பிழைக்குத் திருத்த அறிவிப்பு, அதற்கொரு தெளிவுரை. முதல் பாடவேளை அறிவியல். அப்படி ஒரு பாடம் இருக்கிற விஷயமே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதி வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

மேட்ச் என்றதும் அவர் சுற்றறிக்கைக் கட்டைப் பிரித்தார். மாணவர் செயல்பாடுகள் சம்பந்தமாகத் தலைமை அலுவலகம் அனுப்பியது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"விதி நான்கு: முன்னறிவிப்புச் செய்யப்படாத எந்தவொரு மாணவர் செயல்பாடும் நடத்தப்படலாகாது. விதி ஐந்து: செயல்பாடு நடைபெற்றதற்கான புகைப்படம் இணைக்கப்படாத எந்தவொரு அறிவிப்பும் செய்யப்படலாகாது."

விளையாட்டு ஆசிரியர் விரல் விட்டு எண்ணினார். "அறிவிச்சாதான் மேட்ச். போட்டோ இருந்தாதான் அறிவிப்பு. மேட்ச் நடந்தாதான் போட்டோ. சுத்திச் சுத்தி வருதே மேடம்!"

"சுற்றறிக்கைன்னா சுத்தாம என்ன செய்யும்? முதல்ல போட்டோ எடுத்துடுவோம். அப்புறம் அறிவிப்பு. அப்புறம் மேட்ச். மூணும் நடக்கப்போகுது, வரிசைதான் கொஞ்சம் முன்னே பின்னே."

பம்பரம் துள்ளிக் குதித்தாள். "மேடம், அப்போ பந்து?"

"பந்தை எப்படிம்மா எடுக்கிறது? அறிவிக்கப்பட்ட செயல்பாட்டுக்குத்தானே வெளிய எடுக்கலாம்?"

ஆகவே சமூக அறிவியல் அறையிலிருந்து உலக உருண்டை வரவழைக்கப்பட்டது. தண்டிலிருந்து அதைக் கழற்றி மைதானத்தின் நடுவில் வைத்து, எட்டாம் வகுப்பிலிருந்து பதினொரு பேரைச் சுற்றி நிறுத்தினார்கள். "பசிபிக் கடல் கேமரா பக்கம் இருக்கட்டும், வெறும் நீலமாத் தெரியும்" என்றார் தலைமை ஆசிரியை. பம்பரத்திடம் திரும்பினார். "காலைத் தூக்கு. ஆனா உதைச்சுடாதே. அடுத்த பாடவேளை ஏழாம் வகுப்புக்கு உலகம் வேணும்."

விளையாட்டு ஆசிரியரின் போன் பழையது. பிள்ளைகள் இம்மி அசைந்தாலும் படத்தில் பேய் பிசாசு போல விழுவார்கள். அதனால் அவர் ஒரு ஏற்பாடு செய்தார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. விசில் அடிச்சா அப்படியே சிலையா நிக்கணும். கிளிக் சத்தம் வர்ற வரைக்கும் மூச்சுகூட விடக் கூடாது. கிளிக் வந்துட்டா மேட்ச் முடிஞ்சது, கிளாஸுக்குப் போயிடணும். புரிஞ்சுதா?"

பதினொரு வருடமாகக் கழுத்தில் சும்மா தொங்கிய விசில் அன்றைக்கு முதல் தடவையாக ஊதப்பட்டது. பதினொரு பேர் சிலையானார்கள். பம்பரத்தின் வலது கால் பசிபிக் கடலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கிளிக். எல்லோரும் கணக்கு வகுப்புக்குப் போனார்கள்.

மறுநாள் காலை ஒலிபெருக்கி முழங்கியது.

"அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், நமது பள்ளிக்கும் அடுத்த தெருப் பள்ளிக்கும் இடையே நடைபெற்ற கால்பந்தாட்டப் போட்டியில் நமது அணி மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வாகை சூடியுள்ளது என்பதைப் பேருவகையோடு தெரிவித்துக்கொள்கிறேன்! மூன்று கோல்களையும் அடித்த மாணவிக்கு ஒரு கைதட்டல்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பம்பரமும் யாருக்கோ என்று கூடச் சேர்ந்து தட்டினாள். பக்கத்திலிருந்தவள் இடுப்பில் இடித்தபிறகுதான் அது தனக்கு என்று தெரிந்தது.

ஒரே ஓட்டமாகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். "மேடம், நாங்க இன்னும் ஆடவே இல்லையே!"

"படிவத்துல 'முடிவு'ன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. காலியா விட்டாத் திருப்பி அனுப்பிடுவாங்க. தோத்துட்டோம்னு எழுத மனசு வருமா, சொல்லு?"

"சரி மேடம். அறிவிச்சாச்சு இல்ல? இனி மேட்ச் வைக்கலாமா?"

தலைமை ஆசிரியை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நடந்து முடிஞ்ச மேட்ச மறுபடியும் எப்படி நடத்துறது? இரட்டைப் பதிவு ஆயிடாதா? ஜெயிச்சவ, ஆடணும்னு அடம் பிடிக்கலாமா?"

பம்பரத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. அப்பா பஸ் டிரைவர். பள்ளி அனுப்பிய படத்தை டிப்போ முழுக்கக் காட்டிவிட்டு வந்திருந்தார்.

"மூணு கோலாமே! என் கண்ணு!"

"அப்பா, மேட்ச் நடக்கவே இல்லப்பா."

"என்னடி சொல்றே? போட்டோல இருக்கிறது நீதானே?"

"நான்தான்."

"கால் தூக்கியிருக்கே. முன்னாடி பந்து இருக்கு."

"அது பந்து இல்லப்பா, பூமி."

அப்பா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு பெரிய மனது பண்ணி மகளின் தலையைத் தடவினார். "இவ்வளவு தன்னடக்கம் ஆகாதும்மா." அந்த மூன்றாவது கோலைத் தான் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வேலிக்கு வெளியிலிருந்து பார்த்ததாக மறுநாள் நடத்துனரிடம் சொன்னார். இரண்டு நாளில் அதை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு மடல் வந்தது. வந்ததுதான் தாமதம், பள்ளிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நீச்சல் போட்டி: நீலப் போர்வை விரித்த மேடையில் ஐந்து பேர் குப்புறப் படுத்துக் கைகளை நீட்டினார்கள். வியாழக்கிழமை மலையேற்றம்: மாடிப்படி. குதிரையேற்றத்துக்குக் குதிரையாக இருக்கச் சத்துணவுக் கூடத்துப் பெஞ்சு சம்மதித்தது. பிள்ளைகள் தினமும் ஒரு மணிநேரம் விசிலுக்குச் சிலையாகிப் பழகினார்கள். பெற்றோருக்கும் ஒத்திகை வைத்தார்கள். விசில் அடித்தால் பார்வையாளர் வரிசையில் பெருமிதப் புன்னகையோடு அசையாமல் இருக்க வேண்டும்.

இதில் பம்பரத்தை மிஞ்ச ஆள் இல்லை. ஒற்றைக் காலில் ஒன்பது நிமிடம் நிற்பாள், கண் இமைக்காது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவளிடம் வந்து, கால் எவ்வளவு உயரம், பல் எத்தனை தெரியலாம் என்று பாடம் கேட்டுப் போனார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, உள்ளதைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பிடித்துப்போனது. இருந்தாலும் அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் கண் தன்னால் அலமாரிக்குப் போகும். வருடம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் குட்டு உடைந்தது. அடுத்த தெருப் பள்ளியும் அதே போட்டியை அறிவித்திருந்தது. அவர்கள் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றிருந்தார்கள். புகைப்படமும் இருந்தது, அதில் பந்து ஒரு தர்பூசணி. அங்கேயும் விசில், சிலை, கிளிக்தான்.

மாணவர் செயல்பாட்டு அலுவலர் காரில் வந்து இறங்கினார். இரண்டு தலைமை ஆசிரியர்களையும் எதிரில் நிறுத்தினார்.

"ஒரே போட்டியில ரெண்டு பேரும் ஜெயிச்சிருக்கீங்க. நிர்வாகத்துக்கு இரட்டிப்பு மகிழ்ச்சிதான். ஆனா தோத்தவங்க கணக்குல யாருமே இல்லையே? தோத்தவங்க கட்டம் காலியா இருக்கு. மேலிடத்துல கேள்வி வரும்." மேசையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை, என் கண் முன்னாடி மேட்ச் நடக்கணும். போட்டோ கீட்டோ எதுவும் கூடாது. எல்லா போனையும் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில பூட்டிடுங்க. நிஜப் பந்து. நிஜ உதை!"

ஜன்னலுக்கு வெளியே நின்ற பம்பரம் அவரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாதது ஆச்சரியம். உலகத்தில் நல்ல அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. அப்பா அவளுடைய ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டார்.

வெள்ளிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. போன்கள் எல்லாம் பெட்டிக்குள் போயின. தலைமை ஆசிரியை முக்கால் மணிநேரம் வரவேற்புரை அறிவித்தார். பிறகு அலமாரி திறந்தது. தலையணையோடு ஏந்திக்கொண்டு வந்து பந்தை நடுக்கோட்டில் வைத்தார்கள். வெயிலில் அது பளபளவென்று மின்னியது. முதல் உதை பம்பரத்துக்கு. அவள் பந்தின் முன்னால் போய் நின்றாள். மூன்று வருடம் கண்ணாடி வழியாகப் பார்த்த பந்துக்கும் அவள் காலுக்கும் நடுவே இப்போது எதுவுமே இல்லை. காலைப் பின்னால் இழுத்து ஓங்கினாள்.

விளையாட்டு ஆசிரியர் விசில் அடித்தார்.

இருபத்திரண்டு பேரும் சிலையானார்கள்.

கோல் காப்பாளர்கள் இருவரும் ஒரு முழங்காலை ஊன்றிக் கை விரித்தபடி நின்றார்கள். பார்வையாளர் வரிசையில் பெற்றோர் அத்தனை பேரும் பெருமிதமாகப் புன்னகைத்துக்கொண்டு உறைந்தார்கள். அப்பாவின் புன்னகை மற்றவர்களுடையதைவிட அகலம். அலுவலரேகூடத் தன்னையறியாமல் வயிற்றை எக்கி, காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். பம்பரத்தின் கால் பந்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தரத்தில் நின்றது.

கிளிக் வரவில்லை. எப்படி வரும்? போன்கள் பெட்டிக்குள் இருந்தன. ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. ஒரு காக்கை வந்து பந்தின்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது.

விளையாட்டு ஆசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. ஓடிவந்து பம்பரத்தின் முன்னால் மண்டி போட்டார். "உதைம்மா! நிஜப் பந்து! நீ கேட்ட பந்து! உதை!"

"கிளிக் வரல சார்" என்றாள் அவள், உதடு அசையாமல்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று ஒரு யோசனை உதித்தது. வாயாலேயே செய்துவிட்டால் என்ன? நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் எழுப்பினார். "ளக்!"

தூக்கிய கால்கள் எல்லாம் கீழே இறங்கின. இரண்டு அணிகளும் கை குலுக்கிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பின. கைதட்டல் காதைப் பிளந்தது. என்ன ஆட்டம், என்ன ஆட்டம் என்று பெற்றோர் மெய்மறந்து பேசிக்கொண்டார்கள். அலுவலர் பந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "இவ்வளவு பெரிய மேட்சுக்கு அப்புறமும்!" என்று வியந்து, பதிவேட்டை வாங்கி, "பந்து - ஒன்று - நல்ல நிலையில் உள்ளது. நேரில் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுதியபிறகு பந்தை மறுபடியும் நடுக்கோட்டில் வைத்தார், தலையணை வரட்டும் என்று.

பம்பரம் வகுப்புக்குப் போகிற வழியில் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். குறுக்கே பந்து இருந்தது. பட்டுவிடக் கூடாதே என்று அதைச் சுற்றிக்கொண்டு விளையாட்டு ஆசிரியரிடம் வந்து, மூச்சு வாங்கக் கேட்டாள்:

"சார், போட்டோல நான் நல்லா விழுந்திருக்கேனா?"