சுற்றறிக்கை எண் நான்கு

"அண்ணாச்சி, எந்தெந்த ஆப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே?" என்று குழுவில் ஒரு பையன் கேட்டிருந்தான்.

நியாயமான கேள்விதான். இருபத்தாறு வருஷமாக அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் மருதப்பனுக்கு, பட்டியல் இல்லாத உத்தரவு உத்தரவே இல்லை என்று தெரியாதா? 'சுற்றறிக்கை எண் ஒன்று' என்று தலைப்பிட்டு, தடை செய்த பதினொரு ஆப்களின் பெயரையும் வரிசையாகப் போட்டார்.

சாயங்காலத்துக்குள், அதுவரை கேள்வியேபடாத நாலு ஆப்களைப் பிள்ளைகள் இறக்கிக்கொண்டார்கள்.

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எழுபது பேர் கதை எழுதிப் போடும் இணையக் குழு அது. ஆரம்பித்தது மருதப்பனின் மகள் அபிதா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஷாஜித்தைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, "வாசப்படியத் தாண்டினா திரும்பி வராத" என்றார் இவர். அவளும் அப்பன் மகள்தானே, வரவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

கோபம் வடிந்து பார்த்தபோது, அவள் விட்டுப்போனதில் இந்தக் குழுதான் மிச்சம். தான் ஆரம்பித்ததை என்றைக்காவது எட்டிப் பார்க்காமலா இருப்பாள்? அந்த ஒரு நாளுக்காகத்தான் மனுசன் நிர்வாகியாகிக் காவல் காத்தார்.

பட்டியலைப் பார்த்ததும் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி பரமசிவன் நேரிலேயே வந்துவிட்டார். போன வாரம் புகார் கொடுத்து இந்தத் தடைக்கே வழி செய்தவரும் அவர்தான்.

"என்ன வே, வெளம்பரமா பண்ணுதீரு? எவனோ எம் மகள்ட்ட இன்ஸ்டா ஐடி வாங்கித் தொந்தரவு பண்ணுதான்னு சொன்னேன்லா? இன்னொரு தடவ அந்தப் பேச்சு வந்துச்சு, குழுவையே மூட வச்சிருவேன்."

"மூடிராதிய அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்." மருதப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். குழு போனால் மகள் எந்த வழியாக வருவாள்?

சுற்றறிக்கை எண் இரண்டில் பட்டியலை ரத்து செய்து, எந்த ஆப் பேரும் வரக் கூடாது என்றார். பிள்ளைகள் இன்ஸ்டாவைப் 'பக்கத்து வீடு' என்று சொல்லத் தொடங்கினார்கள். எண் மூன்றில் பக்கத்து வீட்டையும் தடை செய்தார். சிவகிரிப் பிள்ளை ஒருத்தியின் கதையில் பூனை சுவரிலேயே நின்றுவிட்டது. அது குதிக்கவேண்டியது பக்கத்து வீட்டுக்கு.

கடைசியில் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி ராஜேஷ்குமாரிடம் போய் நின்றார்.

"மிசின்ட்ட விட்ருவோம் சார். ஆப் பேரு வந்த செகண்டுல அழிச்சிரும். மூணு தடவ எழுதினா ஆள வெளிய தள்ளி, கணக்கையும் அடியோட அழிச்சிரும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

"எச்சரிக்கை மட்டும் எம் பேர்ல போகட்டும்," என்றார் மருதப்பன். உத்தரவு என்றால் கீழே ஒரு பெயர் வேண்டாமா?

புது ஏற்பாட்டை விளக்கிச் சுற்றறிக்கை எண் நான்கை அனுப்பினார். அதில் 'இன்ஸ்டா' இருந்தது. மிசின் அதை அழித்துவிட்டு, 'மருதப்பனுக்கு முதல் எச்சரிக்கை. இப்படிக்கு, மருதப்பன்' என்றது.

கடிதம் போய்ச் சேரவில்லை என்றால் அலுவலகத்தில் என்ன செய்வார்கள்? நகலை இணைத்து நினைவூட்டு ஒன்று அனுப்புவார்கள். அனுப்பினார். பிறகு நினைவூட்டு இரண்டு.

மூன்றோடு மிசின் அவரை வெளியே தள்ளியது.

ராஜேஷ்குமார் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் நாலு நாள் வெளியிலேயே கிடந்தார். ரெண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் குழுவைப் பார்க்காமல் இருந்ததில்லை. சோறு இறங்கவில்லை. தன் கதவைத் தானே சாத்திக்கொண்ட மடையன் என்று தன்னையே வைதுகொண்டார்.

ஐந்தாம் நாள் ராஜேஷ்குமார் வந்து புதுக் கணக்கு போட்டுக் கொடுத்ததும், குழுவில் மூத்தவளான பனவடலிசத்திரத்து முத்துமாரிக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, நான் இல்லாதப்ப யாரும் இன்ஸ்டா பேச்சு எடுத்தாங்களா?"

"ஒருத்தவதான் அண்ணாச்சி."

"மிசின் வெளிய தள்ளிட்டா?"

"தள்ளிட்டு."

"நல்லது," என்றார். இனி பரமசிவன் வந்தாலும் பயமில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

முத்துமாரி போனை வைக்கவில்லை.

"அது அபிதாக்கா அண்ணாச்சி, அப்பாவப் பேசச் சொல்லுன்னு இன்ஸ்டா ஐடி போட்டாவ, நாங்க படிக்கதுக்குள்ள அழிஞ்சி உங்க பேர்ல எச்சரிக்கை வந்துட்டு, 'அப்பாவுக்கு இன்னுமா கோவம்'னு கேட்டுட்டு, இன்னும் ரெண்டு தடவ போட்டுப் பாத்தாவ."